மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்பவர்களுக்கு...

ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் பக்கத்தில் எந்த பிரவுசிங் சென்டரில் வேண்டுமானாலும் போய் உட்காருங்கள். அரை மணி நேரத்துக்குள் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும்.

"அண்ணாச்சி, பேஜே ஓபன் ஆக மாட்டேங்குது."

"நெட்டு ஸ்லோவா இருக்கு தம்பி. கொஞ்சம் பொறு."

"காலைல இருந்து இதத்தான சொல்றீக."

"மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். அதுக்கு மேல என்னைய என்ன செய்யச் சொல்லுத?"

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. தேர்வுக் கட்டணம் கட்ட வந்த பையன் (கடைசி நாள்தான் வந்திருப்பான். முன்னாடியே வந்தால் மாணவர் சமுதாயத்துக்கே இழுக்கு அல்லவா :-)) திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். "நெட்டு ஸ்லோ" என்பது ஏதோ ஐப்பசி மழை பொய்த்த மாதிரி, மனுசன் கையில் இல்லாத விஷயம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு விட்டார்கள். மழைக்காவது வானத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். இதற்கு அதுகூடக் கிடையாது.

இந்த மெத்தனத்தோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் அந்த வட்டம் சுற்றுவதில் கணிசமான சமயம் குற்றவாளி வயர் இல்லை, சிக்னல் இல்லை, கணினியும் இல்லை. யாரோ, எப்போதோ, ஒரு பெட்டிக்குள் தட்டிவிட்டுப் போன இரண்டு எண்கள். நேம் சர்வர் எண்கள்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: மதுரை - தூத்துக்குடி சாலையில் குறுக்குச்சாலை என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே காரை நிறுத்துகிறார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் போக வேண்டும். வழி தெரியாது. டீக்கடையில் கேட்கிறார். டீக்கடைக்காரர் உடனே கையைக் காட்டினால் காரியம் முடிந்தது. ஆனால் அவர் முதலில் பால் கொதிக்கிறதா என்று பார்த்து, இரண்டு பேருக்கு டீ ஆற்றி, பாக்கிச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு, "என்ன கேட்டீக?" என்று திரும்பினால்? கார் நூற்று இருபதில் போகிற கார்தான். சாலையும் நான்கு வழிச் சாலைதான். தாமதம் முழுக்க டீக்கடை வாசலில்.

கணினிக்கு இணையதளங்களின் பெயர் தெரியாது. எண்தான் தெரியும். நீங்கள் முகவரிக் கட்டத்தில் பெயரைத் தட்டியதும் அது முதலில் ஒரு நேம் சர்வரிடம் போய் "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று கேட்கிறது. எண் வந்த பிறகுதான் தளத்துக்கே கிளம்பும். ஒரு காலத்தில் உலகத்துக் கணினிகளின் பெயர்ப் பட்டியல் மொத்தமும் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. அமெரிக்காவில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் குழு அதைக் கட்டிக் காத்தது. கூட்டம் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983ல் பால் மாக்கபெட்ரிஸ் இப்போதுள்ள டிஎன்எஸ் ஏற்பாட்டை வகுத்தார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை அதேதான்.

இதில் பரிதாபம் என்னவென்றால், ஒரு பக்கம் திறக்க ஒரு கேள்வி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். செய்தி ஓரிடம், படங்கள் ஓரிடம், எழுத்துரு ஓரிடம், விளம்பரம் நாலைந்து இடம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிற கணக்குப்பிள்ளை இன்னோரிடம். பத்து இருபது பெயர்கள் சர்வ சாதாரணம். சில பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தெரியவரும். ஒவ்வொரு டீக்கடையிலும் காரை நிறுத்த வேண்டும்.

சரி, நேம் சர்வர் பதிலே சொல்லாவிட்டால்? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. கணினியில் வழக்கமாக இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். முதலாவது செத்துக் கிடந்தாலும் இரண்டாவது காப்பாற்றும் என்று பெயர். காப்பாற்றும்தான். ஆனால் முதலாவதிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்து, பதில் வராது என்று உறுதியான பிறகுதான் இரண்டாவதிடம் போகும். விண்டோஸ் கிட்டத்தட்ட ஒரு நொடி காத்திருக்கும். லினக்ஸில் மாற்றாமல் விட்டால் 5 நொடி! இதனால்தான் இந்த நோய் ஆளை ஏமாற்றுகிறது. இணைப்பு முழுக்கச் செத்திருந்தால் யாராவது புகார் கொடுப்பார்கள். இது சாகாது. இழுத்துக்கொண்டு கிடக்கும். பக்கம் வெள்ளையாக நிற்கும், நிற்கும், நிற்கும், திடீரென்று மொத்தமும் பொலபொலவென்று வந்து விழும். அடுத்த சுட்டியை அமுக்கினால் மறுபடி வெள்ளை.

இதற்கு ஒரு கதை. பெயர் வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி யூனிட். அங்கே ஒரு கணக்கர். பி.காம் படித்துவிட்டு நேரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், இருபது வருடமாக அதே நாற்காலி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து மாதாமாதம் 20ஆம் தேதி அவருக்கு பிரசவ வேதனை. அன்றைக்குள் 3பி படிவம் போட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு வட்டி தனி. முதலாளி வட்டியைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். "வட்டி எதுக்குய்யா வந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்வதைவிட அரளி விதையைத் தேடலாம்.

யூனிட்டில் முதலில் ஒரு நிறுவனத்தின் தொலைபேசி இணைய இணைப்பு இருந்தது. அதை மாட்ட வந்த ஆள் கணினியில் இரண்டு டிஎன்எஸ் எண்களைக் கையாலேயே தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அதுதான் வழக்கம், தப்பில்லை. பிறகு வேறொரு நிறுவனம் ஃபைபர் இழுத்தது. மாத வாடகை குறைவு, வேகம் பத்து மடங்கு. வயரை மாற்றினார்கள். பெட்டியை மாற்றினார்கள். கணினிக்குள் இருந்த அந்தப் பழைய எண்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஒரு நிறுவனத்தின் நேம் சர்வர் பெரும்பாலும் தன் சொந்தச் சந்தாதாரருக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வெளியாள் கேட்டால் கதவைத் திறக்காது. ஆக அந்தக் கணினி ஒவ்வொரு பெயருக்கும் பழைய வீட்டுக் கதவையே போய்த் தட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ யாரோ இரண்டாவது எண்ணை மட்டும் மாற்றி வைத்திருந்ததால் வண்டி நொண்டியடித்து ஓடியது.

அந்த மனுசன் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலில் ஜிஎஸ்டி தளத்தைத் திட்டினார் (அதைத் திட்ட வேறு நியாயமான காரணங்களும் உண்டு என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை). அப்புறம் சர்வீஸ் சென்டர். "சிஸ்டம் பழசு சார், ரேம் போடணும்." போட்டார். மாறவில்லை. "வைரஸ் இருக்கும் சார், ஃபார்மட் அடிச்சுரலாம்." அடித்தார்கள். இங்கேதான் விதியின் விளையாட்டு. ஃபார்மட் அடித்ததும் அந்தப் பழைய எண்கள் போய்விட்டன, கணினி பறந்தது! ஆகா, வைரஸ்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் சர்வீஸ் சென்டர் பையன் சுறுசுறுப்பானவன். பழைய கணினியில் இருந்த நெட்வொர்க் அமைப்புகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். மறுநாள் வந்து "சார், செட்டிங் விட்டுப்போச்சு" என்று அதே எண்களைத் திரும்பத் தட்டிவிட்டுப் போனான். மறுபடி நொண்டி. அடுத்து ஃபைபர் நிறுவனத்தின் உதவி எண். "சார், உங்க பிளான் 50 எம்பிபிஎஸ். 100க்கு மாத்திக்கோங்க." மாற்றினார். கார் இன்னும் பெரிய கார். டீக்கடை அதே டீக்கடை.

ரேம், ஃபார்மட் கூலி, பெரிய பிளான். மூன்று முறை காசு கொடுத்தாயிற்று. கடைசியில் விடுமுறைக்கு வந்த அக்கா மகன் "மாமா, இந்த ரெண்டு நம்பரு யாரு போட்டது?" என்று கேட்டு, "தானாக எடுத்துக்கொள்" என்ற பொத்தானை அமுக்கினான். முப்பது நொடி வேலை.

இப்போது சொல்லுங்கள், இதில் யார் குற்றவாளி? கணக்கருக்குக் கணினி தெரியாதுதான். தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்ததாகச் சொல்லிக் காசு வாங்கியவர்கள் மூன்று பேர். ஒருவராவது திரையின் இடது கீழ் மூலையைப் பார்த்தாரா? பக்கம் திறக்கும்போது குரோம் உலாவி அங்கே "ரிசால்விங் ஹோஸ்ட்" என்று எழுதிக் காட்டும். ஃபயர்பாக்ஸ் "லுக்கிங் அப்" என்று காட்டும். நோயாளி தானே வாயைத் திறந்து "எனக்கு இங்கதான் வலிக்குது" என்று சொல்கிறான். மருத்துவர் அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேன் எழுதுகிறார்.

உதவி எண்ணில் பேசுகிற பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு தாள், அதில் இருப்பதைத்தான் வாசிப்பார்கள். திட்ட வேண்டியது அந்தத் தாளை எழுதியவனை. அதில் முதல் வரி மோடத்தை ஆஃப் பண்ணு. இரண்டாவது வரி ஸ்பீட் டெஸ்ட் போடு. இந்த ஸ்பீட் டெஸ்ட் இருக்கிறதே, அதுதான் இந்த விவகாரத்தில் பொய்ச்சாட்சி. அது ஒரு சர்வரின் எண்ணை முதலிலேயே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாகச் சரக்கு வருகிறது என்று மட்டும் அளக்கிறது. டீக்கடையில் நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காது. முள் 98ஐத் தொடும். "பார்த்தீங்களா சார், எங்க சைடு பக்கா. உங்க சிஸ்டம்தான்." வாடிக்கையாளர் வாயடைத்துப் போவார். கண்ணெதிரே எண் இருக்கும்போது என்ன பேச?

எதை அளக்கிறார்களோ அதுதான் விற்கும், அதைத்தான் சரி செய்வார்கள். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தியாவில் பிராட்பேண்ட் என்றால் என்ன என்பதற்கு 2004 கொள்கையில் 256 கேபிபிஎஸ் என்றார்கள். 2013ல் 512 ஆக்கினார்கள். 2023ல் 2 எம்பிபிஎஸ். எல்லாம் வேகம், வேகம், வேகம். டிராய் 2006ல் பிராட்பேண்ட் தரத்துக்கு ஒரு விதிமுறை போட்டது. நல்ல முயற்சிதான். பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், உள்நாட்டுத் தாமதம் 120 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும், பில் புகார் இத்தனை, பழுது நீக்க இத்தனை நாள் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். பெயரைத் தேட எவ்வளவு நேரம் ஆகலாம் என்று அந்த வரிசையில் ஒரு வரி கிடையாது. அந்த விதிமுறை கிட்டத்தட்ட 18 வருடம் ஓடியது, 2024 அக்டோபரில்தான் புதியது வந்தது. அவ்வளவு காலமும் ஒரு நிறுவனம் தன் நேம் சர்வரை ஓட்டைப் பெட்டியில் வைத்து ஓட்டினாலும் காகிதத்தில் தரம் குறையாது.

இந்தக் கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் வத்தலும் போட்டுவிட்டு கமிஷன் கடைக்கு வருகிற விவசாயிக்கு தராசு முள்ளைப் பார்க்கத் தெரியும். சாக்கு எடை என்று எவ்வளவு கழிக்கிறான், ஈரம் என்று எவ்வளவு கழிக்கிறான் என்று கேட்கத் தெரியும். அவர் மகன் மாதம் 500, 700 ரூபாய் கொடுத்து இணைய இணைப்பு வாங்குகிறான். என்ன வாங்கினான், எங்கே கழிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. அப்பா அளவுக்குக்கூட வியாபாரம் தெரியாத பட்டதாரி! தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே 1 ஜிபிபிஎஸ் தருவதாக அரசுத் திட்டம். வரட்டும், நல்லது. பாஞ்சாலங்குறிச்சி ஊராட்சிக்கும் அது உண்டு. வந்த பிறகு அந்தக் கணினியில் பழைய இரண்டு எண்கள் உட்கார்ந்திருந்தால் ஜிபிபிஎஸ் யாருக்கு?

இனி எதிர்ப்பக்கம். இந்தப் பதிவை இதுவரை படித்துவிட்டு "அதான் 8.8.8.8 போட்டா முடிஞ்சுதே" என்று கிளம்பிய அறிவாளிகளுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

கூகிள் அந்த நேம் சர்வரை 2009 டிசம்பரில் திறந்தது. அதற்கு முன்பே 2006ல் ஓபன்டிஎன்எஸ் வந்திருந்தது. 2017ல் 9.9.9.9, 2018 ஏப்ரல் 1ஆம் தேதி கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1. எல்லாம் இலவசம், எல்லாம் நல்ல சேவைகள்தான். கல்லூரி விடுதிகளில் இந்த எண்கள் ஏதோ மந்திரம் மாதிரி காதோடு காதாகப் பரவுகின்றன. தலைவலி, வயிற்றுவலி, காதல் தோல்வி எல்லாவற்றுக்கும் 8.8.8.8. அளந்து பார்த்து மாற்றுகிறவன் நூற்றுக்கு ஒருவன் இருந்தால் அதிசயம்.

சில சமயம் இது நோயை மாற்றிப் போடுகிறது. வீடியோ தளங்கள் தங்கள் சரக்கின் நகலை ஊர் ஊராக வைத்திருக்கின்றன. உங்களுக்கு எந்த நகல் பக்கம் என்பதை, கேள்வி கேட்ட நேம் சர்வர் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே பல தளங்கள் தீர்மானிக்கும். உங்கள் நிறுவனத்தின் சொந்த நேம் சர்வர் கேட்டால் சென்னையில் உள்ள நகலைக் காட்டலாம். தூரத்து நேம் சர்வர் கேட்டால் வேறு தேசத்து நகலைக் காட்டலாம். வழி கேட்டதற்குப் பதில் சட்டென்று வரும், ஆனால் காட்டிய வழி சுற்றுவழி. பக்கம் வேகமாகத் திறந்து வீடியோ மட்டும் தேங்கித் தேங்கி ஓடினால் இதைச் சந்தேகிக்கலாம். இதைச் சரிசெய்ய, கேட்டவரின் இருப்பிடத்தையும் கொஞ்சம் சேர்த்து அனுப்பும் ஒரு முறையை 2011லேயே கொண்டுவந்தார்கள். கூகிள் அதைப் பின்பற்றுகிறது. கிளவுட்ஃபிளேர் உங்கள் அந்தரங்கம் என்று சொல்லி அனுப்புவதில்லை. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைப் போடுகிறோம், ஏன் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

அந்தரங்கம் என்றதும் இன்னொன்று. வழி சொல்கிற டீக்கடைக்காரருக்கு ஊருக்கு யார் வந்தார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள் என்பது அத்தனையும் தெரியும். நேம் சர்வருக்கும் அப்படித்தான். அந்தத் தகவலை உள்ளூர் நிறுவனத்திடம் கொடுப்பதா, அமெரிக்க நிறுவனத்திடம் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. கொடுக்காமல் இருக்க வழி அதிகமில்லை.

பெயரைச் சொல்கிறவனுக்குப் பெயரை மறைக்கவும் தெரியும். 1801ல் ஊமைத்துரையின் போர் முடிந்ததும் வெள்ளையர்கள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தை உழுது, ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள் என்று வரலாற்றில் சொல்வார்கள். இடம் அங்கேதான் இருந்தது, பெயர்தான் போனது. டிஎன்எஸ் தடையும் அச்சு அசல் அதே வேலை. தளம் அங்கேயே இருக்கும், பெயருக்கு மட்டும் பதில் வராது. 2012ல் '3' படத்துக்காகவும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்துக்கொண்டு, இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களையே மூடிவைத்தன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்கச் சொன்னோம் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்டர்நெட் அண்ட் சொசைட்டி மையம் 2020ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நம் நாட்டில் ஒரு நிறுவனம் தடுக்கும் தளம் இன்னொன்றில் திறக்கிறது, தடுக்கும் முறையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, டிஎன்எஸ் அதில் ஒரு முறை என்று காட்டியது. ஆக, "மெதுவாக இருக்கிறது" என்று நினைப்பது சில சமயம் "மூடியிருக்கிறது" என்பதாகவும் இருக்கும். தெரிந்துகொள்ளும் உரிமை காசு கொடுப்பவனுக்கு இல்லையா?

கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. கணினியில் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்று தட்டி பக்கத்தில் 8.8.8.8 என்று எண்ணைக் கொடுங்கள். இருபது, நாற்பது, அறுபது மில்லிநொடியில் பதில் வந்தால் சாலை சரியாக இருக்கிறது. அங்கேயே நானூறு ஐநூறு என்று வந்தாலோ, பாதி பதில் தொலைந்துபோனாலோ குற்றம் வயரிலோ சிக்னலிலோ. டிஎன்எஸ்ஸைச் சும்மா திட்டாதீர்கள். எண்ணுக்குப் பதில் நன்றாக வந்தால், அடுத்து இதுவரை திறக்காத ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். (திறந்த தளமாக இருந்தால் கணினி விடையை ஞாபகத்தில் வைத்திருக்கும், சோதனை செல்லாது.) அது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் வரை ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டு அப்புறம் ஓட ஆரம்பித்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஒரே ஒரு தளம் மட்டும் மெதுவாக இருந்து மற்றதெல்லாம் பறந்தால் அந்தத் தளம்தான் மெதுவு. 20ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி தளம் மாதிரி.

அகப்பட்ட பிறகு மூன்று இடத்தில் தேட வேண்டும். கணினியின் நெட்வொர்க் அமைப்பு, வீட்டு ரவுட்டர், உலாவி. இந்தக் கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போதைய உலாவிகளுக்குள் "செக்யூர் டிஎன்எஸ்" என்று தனியாக ஒன்று இருக்கிறது, கணினியில் என்ன போட்டாலும் அது தன் வழியே போகும். கைப்பேசியிலும் அப்படித்தான். 2018ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று ஒரு அமைப்பு உண்டு. விளம்பரம் வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் ஒரு பெயரைப் போட்டு வைத்தவன், கல்லூரி வைஃபையில் நுழைவுப் பக்கமே வராமல் முழிப்பான். பழி வைஃபை மேல்.

ரவுட்டர்தான் இதில் அபாயமான இடம். அங்கே எண்ணை மாற்றினால் வீட்டில் இருக்கும் அத்தனை கருவியும் அந்த எண்ணைத்தான் கேட்கும். மாற்றுவது நீங்களாக இருந்தால் சரி. ரோவ் டிஜிட்டல் என்ற எஸ்தோனியக் கும்பல் டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சுநிரலால் நூறு நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் நேம் சர்வர் எண்களைத் தன் எண்களாக மாற்றி வைத்திருந்தது. மக்கள் ஒரு தளத்தைக் கேட்டால் அவர்கள் காட்டிய விளம்பரத்துக்குப் போனார்கள். 2011 நவம்பரில் எஃப்பிஐ பிடித்தது. ஆனால் அந்தக் கும்பலின் சர்வர்களைச் சட்டென்று நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையமே போய்விடும் என்று, நல்ல சர்வர்களை அந்த இடத்தில் வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். திருடன் மாற்றிய எண்ணை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானோர் மாதக்கணக்கில் நிம்மதியாக இணையம் பார்த்தார்கள். ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை! 2018ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு ரவுட்டர்களில், பெரும்பாலும் பிரேசிலில், இதே வேலை நடந்தது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வழியாகவும் நுழைந்தார்கள். நம்மூரிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடங்களை ஒரு நச்சுநிரல் தாக்கியது. 'அட்மின்' என்ற ஆதிகாலக் கடவுச்சொல்லை மாற்றாத மோடங்கள்தான் மாட்டின. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனமே சந்தாதாரர்களைக் கேட்டுக்கொண்டது. எத்தனை பேர் மாற்றினார்கள் என்பதை அவரவர் வீட்டுப் பெட்டியில் இப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் வேலை" என்று ஒரு குரல் கேட்கிறது. தாராளமாக. பேரேட்டைப் பார்ப்பது ஆடிட்டர் வேலைதான், அதற்காக முதலாளி கல்லாவை எண்ணாமலா வீட்டுக்குப் போகிறார்?

அந்தத் தீப்பெட்டி யூனிட் கணக்கர் இப்போது கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார். தேதி, இணைப்பு யாருடையது, டிஎன்எஸ் என்ன, மாற்றியது யார், கையெழுத்து. ஐந்து கட்டம். சர்வீஸ் சென்டர் பையன் போன மாதம் வந்தபோது பேனாவை நீட்டி, "என்னத்த மாத்துனாலும் இதுல எழுதிட்டுப் போ தம்பி" என்றிருக்கிறார். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று முனகிக்கொண்டே எழுதினானாம். மாற்றியது யார் என்ற கட்டத்தில் முதல் தடவையாக அவன் பெயர்.